அந்தமானில் இணைய வேலை: அறுபடும் நேரம் யார் கணக்கில்?

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம். ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவு. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் அடிக்கல் நாட்டினார்கள். இருபது மாதம் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆழ்கடலில், அதுவும் நிலநடுக்கம் அடிக்கடி வரும் பகுதியில், இது பெரிய சாதனைதான். அன்று தொடங்கி ஒரு பேச்சு தொடர்ந்து கேட்கிறது: தீவுப் பிள்ளைகள் இனிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போக வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்க்கலாம், வெளியூர்க்காரர்களும் ஹேவ்லாக் கடற்கரையில் மடிக்கணினியை விரித்து உட்காரலாம்.

அந்த வேலை அங்கே உண்மையில் எப்படி இருக்கிறது என்பதைப் பரிசீலிப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இணைய வேலை என்றதும் நம் மனத்தில் வருவது குளிர்சாதன அறையில் நிரல் எழுதும் இளைஞர். தீவில் படம் வேறு. கேபிளையும் டவரையும் உயிரோடு வைத்திருப்பவர், பிரவுசிங் சென்டர் கவுன்டரில் மற்றவர்களுக்காகப் படிவம் நிரப்புபவர், மெயின்லேண்ட் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், துண்டு வேலைக்குத் துண்டுக் கூலி வாங்குபவர் என எல்லோரும் இந்தத் தொழிலில் சேர்த்திதான். வேகம் என்ற குறையைக் கேபிள் பெருமளவு தீர்த்துவிட்டது. ஆனால் இணைப்பு போகும் நேரத்தின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்ற கேள்வியை இன்றுவரை யாரும் கையில் எடுக்கவில்லை. தீவின் இணைய வேலையைக் கடுமையாக்குவது அதுதான் என்று நான் கருதுகிறேன்.

கேபிளுக்கு முன்பு தீவுகளின் இணையம் முழுக்க முழுக்கச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. போர்ட் பிளேரில் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தக் கோரிக்கை வானுக்கு ஏறி, இறங்கி, மெயின்லேண்டைத் தொட்டு, பதிலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறி இறங்க வேண்டும். அரை நொடிக்கு மேல் ஆகும். அரை நொடிதானே என்று தோன்றலாம். ஒரு வங்கிப் பக்கம் திறக்க இருபது தடவை போய்வர வேண்டியிருந்தால், எழுத்து கண்ணில் படுவதற்கு முன்பே பத்து நொடி போய்விடும். தீவுகள் முழுமைக்கும் இருந்த அலைவரிசைக் கொள்ளளவோ சில ஜிபிபிஎஸ் மட்டுமே. கேபிள் வந்தபின் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே இரண்டு சேனல்களில் தலா 200 ஜிபிபிஎஸ் வசதி. தகவல் போய்த் திரும்ப நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும்.

பழைய நிலையில் இந்தத் தொழிலின் பாரத்தைச் சுமந்தது கவுன்டரில் இருந்தவர்தான். போர்ட் பிளேரின் அபர்தீன் பஜார் பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்தியவரிடம் கல்லூரி விண்ணப்பம், நுழைவுத் தேர்வுப் பதிவு, விமான டிக்கெட் என எல்லாம் வரும். படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் கட்டணம் செலுத்தும் கட்டத்தில் நெட் நின்றுவிடும். கணக்கிலிருந்து காசு போயிருக்கும், படிவம் போயிருக்காது. மறுபடி கட்டினால் இரட்டைக் கட்டணம், கட்டாவிட்டால் கடைசித் தேதி தப்பிவிடும். எதிரே நிற்கும் அப்பா கோபித்துக்கொள்வது பரிமாற்ற எண்ணைத் தாளில் குறித்துக்கொடுக்கும் கவுன்டர் பையனிடம்தான். தேர்வு வாரியமோ வங்கியோ அவர் கண்ணுக்குத் தெரியாது. தப்பு எங்கே நடந்தாலும் பழி கடைசியில் நிற்பவன்மேல் விழும் இந்த ஏற்பாடு, கேபிள் வந்தபின்னும் மாறவில்லை. அன்று கவுன்டரில் நடந்தது இன்று வேறு வேறு வடிவில் தொடர்கிறது.

தகவல் தொடர்பு வேலை தீவில் எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு 2004 டிசம்பர் 26 சாட்சி. அமெச்சூர் வானொலிக்காரரான பாரதி பிரசாத் அந்த மாதத் தொடக்கத்திலேயே ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்கு வந்து நிலையம் அமைத்திருந்தார். சுனாமியில் வழக்கமான தொடர்புகள் அறுந்துபோனபோது அந்த ஹாம் ரேடியோதான் தீவுகளிலிருந்து உயிரோடு இருப்போரின் செய்தியை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனது. கார் நிக்கோபாரிலும் நிலையம் திறந்தார்கள். உறவினரின் குரலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த வேலையின் மதிப்பு தெரியும்.

இப்போது கேபிளைக் காப்பவர்களுக்கு வருவோம். இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தது அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியம். நிறைவேற்றும் பொறுப்பு பிஎஸ்என்எல்லுடையது. அதே பிஎஸ்என்எல்லில் 2020 ஜனவரி 31 அன்று சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். நாடு முழுதும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் இருந்த நிறுவனம் ஒரே நாளில் பாதியாகச் சுருங்கியது. கேபிள் திறந்தது அதற்கு ஆறே மாதம் கழித்து. பழுது எங்கே வரும், எந்த வளைவில் எந்தக் குழியில் ஜாயின்ட் இருக்கிறது என்று தலைகீழாகத் தெரிந்துவைத்திருந்த தலைமுறை போய்விட்ட வேளையில், புதிய பெரிய சொத்து ஒன்று வந்து சேர்ந்தது. இடைவெளியை நிரப்ப ஒப்பந்தத் தொழிலாளர் வேண்டியிருந்தது. 2019-ல் பிஎஸ்என்எல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பல மாதச் சம்பளம் வராமல் நாடெங்கும் போராடியதை மறந்திருக்க மாட்டோம். நிரந்தர ஊழியர்களுக்கே அந்த ஆண்டு பிப்ரவரிச் சம்பளம் தாமதமானது.

ஃபைபர் கட் ஆனால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். எக்ஸ்சேஞ்சில் ஓடிடிஆர் கருவி இத்தனையாவது கிலோமீட்டரில் அறுந்திருக்கிறது என்று காட்டும். ஆட்கள் அந்த இடத்தைத் தேடிப் போவார்கள். சாலை வேலைக்காக மண்ணைத் தோண்டிய ஜேசிபி இழுத்துப் பிய்த்திருக்கலாம், மழையில் மண் சரிந்திருக்கலாம். குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, கேபிளின் உறையை உரிப்பார்கள். உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று நிறம் பூசிய இழைகள். ஒவ்வொரு கண்ணாடி இழையும் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன். மேல்பூச்சைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரு முனைகளையும் ஸ்பிளைசிங் மெஷினுக்குள் வைத்தால் மின்பொறி இரண்டையும் உருக்கி ஒட்டும். மேலே ஸ்லீவை நகர்த்திச் சூடாக்க வேண்டும். ஒரு தூசியோ ஒரு சொட்டு வியர்வையோ பட்டால் மறுபடி வெட்டி, மறுபடி ஒட்ட வேண்டும். நிறம் மாறி ஒட்டினாலும் போயிற்று. 24 இழை கொண்ட கேபிள் என்றால் இதையெல்லாம் இருபத்து நான்கு முறை, அடித்துப் பெய்யும் மழையில், டார்ச் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். மேலே எங்கோ ஒருவர் அலைபேசியில் "எப்ப சரியாகும்? எப்ப சரியாகும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இவ்வளவு கைநேர்த்தி கேட்கும் வேலைக்குத் தினக்கூலி, அதுவும் ஒப்பந்தக்காரர் கையால் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதே தனி வேலை. போர்ட் பிளேரிலிருந்து ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர் போகும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாகச் செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் குறித்த நேரங்களில் மட்டும் கான்வாயாக வண்டிகளை விடுவார்கள். ஜாரவா மக்களைக் காக்க அந்தக் கட்டுப்பாடு அவசியம். அதைத் தளர்த்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு கான்வாயைத் தவறவிட்டவர் அடுத்தது வரை காத்திருக்க வேண்டும் என்பதைப் பழுதுபார்ப்புக்கான கெடுவை எழுதுபவர் கணக்கில் எடுக்க வேண்டுமல்லவா? நிக்கோபார் பக்கம் இன்னும் சிரமம். கமோர்ட்டாவில் ஒரு கருவி செத்துப்போனால் கப்பல் வேண்டும், கடல் அமைதியாக இருக்க வேண்டும், பழங்குடிப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கப்பல் அட்டவணை வானத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

கேபிள் எல்லாத் தீவுகளுக்கும் போகவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களில் அது கரையேறுகிறது. கச்சால் தீவு அந்தப் பட்டியலில் இல்லை. 1964-ன் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியேற்றிய தீவு அது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதம். தேயிலைத் தோட்டத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் பேத்தி கணினி படித்துவிட்டுக் கச்சாலிலிருந்தே வேலை பார்க்க நினைத்தால், பக்கத்துத் தீவான கமோர்ட்டாவுக்கு வந்த கேபிள் அவள் வீட்டு வாசலுக்கு நேராக வரவில்லை.

போர்ட் பிளேரில் நல்ல இணைப்போடு உட்கார்ந்து மெயின்லேண்ட் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் நிலை என்ன? முதலில் சூரியன். தீவுகள் 92, 93 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கின்றன. இந்திய நேரமோ 82.5 டிகிரிக்குக் கணக்கிட்டது. அதாவது சூரியன் அங்கே கடிகாரத்தை விட நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. ஜூனில் காலை ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கு அந்தி சாய்ந்துவிடும். ஊர் வழக்கம் சூரியனைப் பின்பற்றுகிறது. பெங்களூர் அலுவலகத்தின் நாளோ காலை பத்துக்குத் தொடங்கி இரவு ஏழுக்கோ எட்டுக்கோ முடிகிறது. அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் கேட்கவே வேண்டாம். கடற்கரை ஊரில் வாழ்கிறோம் என்ற பேர்தான். மாலைக் கடலை வெளிச்சத்தோடு பார்ப்பது வாரக் கடைசியில்தான்.

அடுத்தது மின்சாரம். தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு கப்பலில் கொண்டுவரும் டீசலிலிருந்து கிடைக்கிறது. நெய்வேலியின் என்எல்சி நிறுவனம் போர்ட் பிளேரில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலத் தொகுதியோடு நிறுவியது நல்ல தொடக்கம். ஆனாலும் கரண்ட் போகும் நேரத்தில் இன்வெர்ட்டர், மோடத்துக்குத் தனி பேட்டரி, இரண்டாவது சிம் கார்டு எல்லாம் வேலை பார்ப்பவரின் சொந்தச் செலவு. அலுவலகக் கட்டடத்தில் இருந்திருந்தால் ஜெனரேட்டருக்கு முதலாளி டீசல் ஊற்றியிருப்பார். 'வீட்டிலிருந்து வேலை' என்ற ஏற்பாட்டில் அந்த டீசல் செலவு சத்தமில்லாமல் ஊழியரின் கைக்கு மாறிவிடுகிறது. இது சென்னைக்கும் பொருந்தும் என்பீர்கள். பொருந்தும், ஆனால் சென்னையில் கரண்ட் போனால் பக்கத்துத் தெருவில் உட்கார ஓர் இடம் கிடைக்கும். லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் அப்படிப் போய் உட்கார இடமேது?

மாதச் சம்பளக்காரர் நிலையாவது பரவாயில்லை. துண்டு வேலைக்காரருக்குத்தான் அடி முழுதாக விழுகிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரப் படங்களில் கார், மனிதர், மரம் என்று கட்டம் போட்டுப் பெயர் ஒட்டுவது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது, கடைப் பொருள்களுக்கு விவரம் எழுதுவது போன்றவை இணையச் சந்தைகள் வழியே வரும் வேலைகள். ஒரு தொகுப்பை எடுத்தால் குறித்த நேரத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். நடுவில் இணைப்பு போனால் தொகுப்பு காலாவதியாகி வேறொருவருக்குப் போய்விடும். செய்த அளவுக்கும் கூலி இல்லை. அதோடு மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் அடுத்த தடவை நல்ல வேலை கண்ணிலேயே காட்டப்படாது. ரங்கத்தில் மழை பெய்ததா, சாலையில் கேபிள் அறுந்ததா என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த ஆள் முடிக்கவில்லை. முறையிட ஒரு மனிதரும் அந்தப் பக்கம் இல்லை. உலகின் வேறு மூலைகளிலும் இந்த வேலையின் முகம் இதுதான். கென்யாவில் செயற்கை நுண்ணறிவுக்காகக் கொடூரமான எழுத்துகளைப் படித்துத் தரம் பிரித்தவர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்தது என்பது 2023 ஜனவரியில் வெளியே வந்தது.

இதே வகை வேலையை வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த தேசிக்ரூ நிறுவனம், திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடி போன்ற சிற்றூர்களில் மையம் திறந்து ஊர்ப் பிள்ளைகளை அங்கேயே வேலைக்கு எடுத்தது. மையம் என்று ஒன்று இருந்தால் ஜெனரேட்டர் நிறுவனத்தின் பொறுப்பு. நெட் போனால் அது வாடிக்கையாளரிடம் பேசித் தீர்க்கும் பிரச்சினை. தீவுக்குத் தேவை இந்த மாதிரி மையங்கள் என்பது என் முடிவு. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனியாகப் போராடும் ஏற்பாடு அங்கே நிலைக்காது.

சுற்றுலாவை நம்பிய இணைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடுதி முன்பதிவு, டைவிங் பதிவு, படகு டிக்கெட் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டன. கப்பல் ரத்தானால் விடுதிக்கான இணைய மதிப்பீட்டில் நட்சத்திரம் குறைகிறது. கடல் கொந்தளித்ததற்கு விடுதியின் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பெண் நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பாள்.

இன்னோர் அபாயம் எல்லோர் தலைமேலும் தொங்குகிறது. மெயின்லேண்டுக்கான பெரும் போக்குவரத்து ஒற்றைக் கடலடித் தடத்தை நம்பியிருக்கிறது. 2022 ஜனவரியில் டோங்கா தீவு நாட்டின் அருகே எரிமலை வெடித்தபோது அந்நாட்டின் ஒரே பன்னாட்டுக் கேபிள் அறுந்தது. பழுது பார்க்கும் கப்பல் பப்புவா நியூ கினியிலிருந்து வர வேண்டியிருந்தது. இணைப்பு சரியாவதற்கு ஐந்து வாரத்துக்கு மேல் பிடித்தது. அந்தமானும் அதே போன்ற நிலநடுக்க வளையத்தில் இருக்கிறது. இந்தியக் கொடி பறக்கும் கேபிள் பழுதுபார்ப்புக் கப்பல் நம்மிடம் இல்லை என்பதை 2023-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் பரிந்துரையில் சுட்டிக்காட்டியது. கடலில் ஒரு வெட்டு விழுந்தால் பெரிய கம்பெனி வேலையை வேறு ஊருக்கு மாற்றிவிடும். தீவில் இருக்கும் ஊழியர் எங்கே மாறுவார்?

சட்டம் என்ன சொல்கிறது? செயலி வழித் தொழிலாளர்களுக்கென ராஜஸ்தான் 2023-ல் தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாடு அதே ஆண்டு இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியம் அமைத்தது. கர்நாடகம் 2025-ல் சட்டம் கொண்டுவந்தது. அந்தமான் நிக்கோபார் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். மக்களவைக்கு ஒரே உறுப்பினர். இப்படி ஒரு சட்டத்தை அங்கே உள்ளூரில் கேட்டு வாங்க மன்றமே இல்லை. எல்லாம் டெல்லியிலிருந்து வர வேண்டும். டெல்லியிலிருந்து வந்தது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. வரவேற்க வேண்டிய சட்டம்தான். ஆனால் அது காப்பீடு, முதுமை, மகப்பேறு பற்றிப் பேசுகிறது. இணைப்பு அறுந்த மணிநேரத்தின் கூலி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வெளிநாட்டிலிருந்து இயங்கும் துண்டு வேலைச் சந்தையிடம் அந்தப் பங்கை யார் போய் வாங்குவது என்பதும் கேள்விதான். நீதி ஆயோக் 2022 அறிக்கையின்படி 2020–21-ல் இந்தியாவில் 77 லட்சம் பேர் கிக் வேலையில் இருந்தார்கள். 2029–30-ல் அது 2.35 கோடி ஆகும் என்பது மதிப்பீடு. இந்தப் பெருங்கூட்டத்தில் தீவின் சிறு குழுவின் குரல் தனியாகக் கேட்காது.

சேர்ந்து நின்றால் கேட்கும். தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் வைக்கலாமா என்ற குழப்பத்துக்கு 2016-ல் தமிழ்நாடு அரசு, வைக்கலாம் என்று தெளிவாகப் பதில் சொன்னது. பெருநிறுவன ஆட்குறைப்பை எதிர்த்துச் சென்னை ஊழியர்கள் தொடர்ந்து கேட்டதால் கிடைத்த பதில் அது. தீவில் தனித்தனி வீட்டில், தனித்தனி கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்களுக்குச் சேர்ந்து நிற்க ஓர் இடமே இல்லை. சென்னையில் இருக்கும் சங்கங்கள் அவர்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு நடைமுறைக்கு ஒத்த வழி. கப்பலில் மூன்று நாள் தூரம் என்றாலும், அவர்கள் தினமும் உள்நுழையும் அலுவலகங்களில் பல சென்னையிலும் பெங்களூரிலும்தானே இருக்கின்றன.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. ஃபைபர் ஜாயின்ட் போடுபவரை நேரடி ஊதியப் பட்டியலில் கொண்டுவர வேண்டும். கடலடி இணைப்புக்கு இரண்டாவது தடம் வேண்டும். கேபிள் கரையேறும் எட்டு இடங்களிலும் மின்சாரமும் மாற்று இணைப்பும் உள்ள பொது வேலைக்கூடங்களை நிர்வாகம் திறக்க வேண்டும், கச்சாலுக்கும் ஒன்று. பிஎஸ்என்எல்லும் மற்ற சேவை நிறுவனங்களும் எந்த வட்டாரத்தில் எத்தனை மணிக்கு இணைப்பு போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதை அன்றன்றே வெளியிட வேண்டும். அந்தக் குறிப்பைக் காட்டினால் துண்டு வேலைச் சந்தை மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி எழுத வேண்டும். சென்னையில் குழுத் தலைவராகவோ மனிதவள அலுவலராகவோ இருப்பவர்கள் அரசு விதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் குழுவில் தீவிலிருந்து ஒருவர் வேலை பார்த்தால், நெட் போன நேரத்தை அவருடைய விடுப்பில் கழிக்காதீர்கள். கழிக்கச் சொல்லும் விதி உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அதை மாற்றச் சொல்லி இந்த வாரமே எழுதுங்கள்.